மகளின் வெள்ளை முடி

என் மூத்த மகள் பிறந்தபோது அவள் தலைமுடி பஞ்சுபோல வெள்ளையாக இருந்தது. இமைமுடியும் வெள்ளை. வெளிச்சம் பட்டால் கண்ணைத் திறக்கமாட்டாள். நானும் என் கணவரும் நல்ல கறுப்பு. நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. என் மாமியார்தான் சொன்னார். அவர் என் அப்பாவின் அக்கா, எனக்கு அத்தை.

"எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கெடையாது. எங்கேர்ந்து வந்துச்சின்னு கேட்டுகினு இருக்காங்க ஊர்ல. நான் என்னா சொல்றது?"

சொல்லிவிட்டுக் காடாம்புலியூருக்கு பஸ் ஏறிவிட்டார். என் கணவர் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வருவார், குளிப்பார், குழந்தையைத் தூக்கமாட்டார். சந்தேகமா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. அந்த இரண்டு மாதம் நான் சரியாகச் சாப்பிட்டதே கிடையாது.

அடுத்த வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அந்த அக்கா பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. என்னைவிட நாலைந்து வயதுதான் கூடுதல். நான் தண்ணீர்க் குழாயடியில் அழுததைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்தார். என் கணவரையும் உட்காரச் சொன்னார். தோல் உரிக்காத கறுப்பு உளுந்து கொஞ்சமும் வெள்ளை உளுந்து கொஞ்சமும் கேட்டு வாங்கித் தரையில் வைத்தார்.

"முடிக்கும் தோலுக்கும் நிறம் கொடுக்கிற கூறு நம்ம ஒவ்வொருத்தர் உடம்புலயும் ரெண்டு இருக்கும். பிள்ளைக்கு அப்பா ஒண்ணு, அம்மா ஒண்ணு கொடுப்பாங்க. கறுப்பு ஒண்ணு இருந்தாலே போதும், ஆள் கறுப்புதான். கூட இருக்கிற வெள்ளை வெளியே தெரியாது. ரெண்டு பேரும் வெள்ளையைக் கொடுத்தாத்தான் இப்படிப் பிறக்கும்."

என் கணவர் கேட்டார், "அப்ப என்கிட்டயும் இருக்குதுங்களா?"

"உங்ககிட்டயும் இருந்தாத்தான் இந்தப் பிள்ளை. உங்க அம்மாவும் இவங்க அப்பாவும் கூடப்பிறந்தவங்க. ஒரே வீட்டுல இருந்து ரெண்டு வழியா வந்து இங்கே சேர்ந்திருக்கும்."

என் கணவர் ஒரு வெள்ளை உளுந்தை எடுத்துப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்த் தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கினார். எனக்கு அது போதுமாயிருந்தது.

அடுத்த முறை அத்தை வந்தபோது என் கணவரே பேசினார். "இது அவ கொண்டாந்தது இல்லம்மா. பாதி நான் குடுத்தது. எனக்கு நீ குடுத்தது."

அத்தை கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் உங்கப்பனுக்கும் பின்னால ஒரு தம்பி பொறந்தான். இதே முடி. வூட்டுக்குள்ளயே வச்சிருந்தாங்க. ரெண்டு மாசத்துல போயிட்டான். வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. நானும் சொல்லல."

அன்றுதான் அவர் அழுது பார்த்தேன். அவர்மேல் இருந்த கசப்பெல்லாம் எனக்குப் போய்விட்டது.

அடுத்து மகன் கறுப்பு முடியோடு பிறந்தான். மகளுக்கு அகலமான துணித்தொப்பி தைத்தவர் அத்தை. தூரப்பார்வை குறைவான அவளை முதல் பெஞ்சில் உட்காரவைத்து, பாடங்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. அவர் மாற்றலாகிப் போகும்வரை ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. இவள் படித்தாள், வேலைக்கும் போனாள்.

மகளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது சொந்தத்தில் ஒரு பையன் தயாராக இருந்தான். முதலில் மறுத்தது அத்தைதான்.

"வேணாம். வெளியில பாருங்க."