கடலில் வெட்டிய இருபத்திரண்டு கட்டிகள்

இங்கேயும் தண்ணீர் லாரிதான் வருகிறது. ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வரை உறைந்த தண்ணீர்தான். ஆனால் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடிக்க வேண்டுமென்றால் லாரி வர வேண்டும். மண் என்றைக்கும் உறைந்தே கிடப்பதால் பூமிக்கடியில் குழாய் பதிக்க முடியாதாம். லாரிக்காரர் வெளிச்சுவரில் உள்ள துளையில் ரப்பர் குழாயைச் செருகுவார். உள்ளே தொட்டி நிறைந்ததும் சுவரில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். தொட்டியின் கொள்ளளவு ஆயிரம் லிட்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை. நான் வந்த முதல் மாதத்தில் பதினான்கு தடவை வந்தது. ஒரு தடவை பனிப்புயலால் தவறிவிட்டது.

கனடாவின் வட கோடியில், கப்பலும் விமானமும் தவிர வேறு வழியில்லாத இந்த ஊரின் சுகாதார நிலையத்தில் என் மகள் கலைவாணி நர்ஸ். ஊரின் மக்கள் தொகை 412. என்னைச் சேர்த்தால் 413. வீடுகள் 96. மரம் ஒன்றுகூடக் கிடையாது. நான் ஆவடியில் ராணுவ வண்டித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன். வந்து இறங்கும் உதிரி பாகங்களை எண்ணி, அளந்து, கையெழுத்துப் போடுவது வேலை. மனைவி போய்ச் சேர்ந்தபின் முத்தாபுதுப்பேட்டையில் கட்டிய வீட்டில் மகன் குடும்பத்தோடு இருந்தேன். மகள் பதினெட்டு வயதில் நர்ஸ் படிப்புக்கென்று விடுதிக்குப் போனவள். பிறகு வேலை, பிறகு வெளிநாடு. ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பதினாறு வருடங்களில் அவளும் நானும் ஒரே கூரையின் கீழ் இருந்தது 211 நாட்கள். அதனால்தான் அவள் கூப்பிட்டதும் கிளம்பினேன். அவளுடைய ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அதுவரை அவளோடு இருந்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

ஆனால் வந்த பத்தாம் நாளே தப்புச் செய்தேன். எண்பதுகளில் வறட்சி வந்தபோது தண்ணீர் பிடித்தவர்களுக்கு அது ஏனென்று புரியும். லாரி வந்தால் கையில் கிடைத்ததையெல்லாம் நிரப்புவோம். முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டுக் கன்னியம்மா அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். அவர்கள் கிணற்றில் ஒரு காலத்தில் ஊரே தண்ணீர் எடுத்ததாம். லாரிக்குப் பின்னால் நான் யார் எத்தனை பிடித்தார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். "இன்னா பெர்சு, எண்ணிகினே இருந்தா தண்ணி ரொம்பிடுமா? குனிஞ்சு புடி. ஊட்ல போயி எண்ணிக்கோ," என்பாள் கன்னியம்மா. அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகுமா? இங்கே லாரி நகர்ந்ததும் மகள் வீட்டுக் குழாயைத் திறந்து வாளி, பாத்திரம், பிளாஸ்டிக் டப்பா என்று பத்தொன்பது ஏனங்களை நிரப்பினேன். வீட்டுக்குள் இடம் போதவில்லை. வாசலையொட்டிய குளிர் அறையில் வரிசையாக வைத்தேன். காலையில் பத்தொன்பதும் கல். நான்கு வெடித்திருந்தன. போதாததற்கு, கட்டியை இளக்க இரண்டு வாளி வெந்நீரை ஊற்றினேன்; அது நிலைப்படிக்கு வழிந்தது. நிலைப்படி கண்ணாடியாகி, வேலை முடிந்து வந்த மகள் வழுக்கி விழுந்தாள்.

முழங்கையைத் தேய்த்துக்கொண்டே, "ஆவடியை அப்படியே தூக்கிட்டு வந்துட்டீங்கப்பா," என்றாள். சிரிக்கவில்லை.

அதன் பிறகு சூரியன் போய்விட்டது. ஐம்பத்தெட்டு நாட்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து லாரியை எண்ணிக்கொண்டிருந்தேன். சூரியன் திரும்பி வந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஏப்ரலில் வெளிச்சம் போகவே மறுத்தது. ஊரே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உறைந்த கடல்மேல் சுற்றியது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் இல்லையாம், எல்லோரும் கடல்மேல் கூடாரம் போட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார்கள். இதுதான் இவர்களுடைய வசந்தம். பூ இல்லை, இலை இல்லை. ஆனால் யாரும் வீட்டில் இல்லை, என்னைத் தவிர. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, மே கடைசியில டிக்கெட் போடறேன். அண்ணன்கிட்ட போயிடுங்க."

"நான் என்ன குறை வச்சேன்?"

"நாற்பத்தோரு நாளா வாசல் தாண்டலை. நீங்க எண்ணலை, நான் எண்ணினேன். டூட்டியில உட்கார்ந்துகிட்டு அப்பா சாப்பிட்டாரா, விழுந்தாரான்னு நினைச்சுக்கிட்டு என்னால ஊசி போட முடியாது."

"சரி, என்ன செஞ்சா விடுவே?"

"ஒரு நாள் முழுக்க வெளியில போய் முழுசா திரும்பி வாங்க. அப்புறம் பேசலாம்."

மறுநாளே பக்கத்து வீட்டு பௌலூசியிடம் போனேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும், பற்கள் குறைவு. கடலுக்குள் உறைந்து நிற்கும் பனிமலையிலிருந்து டீக்குக் கட்டி வெட்டி வரப் போகிறார் என்று தெரியும். "நானும் வரலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். புருவத்தை உயர்த்தினார். நம் ஊரில் அதற்கு "என்ன?" என்று அர்த்தம்; மறுபடி கேட்டேன். மறுபடி உயர்த்தினார். மூன்றாவது தடவை அவர் மனைவி உள்ளேயிருந்து, "ஆமாம் என்கிறார், எத்தனை தடவைதான் ஆமாம் சொல்வார்?" என்று சிரித்தாள்.

பதினொரு கிலோமீட்டர். பனியில் ஓடும் மோட்டார் வண்டிக்குப் பின்னால் கமுத்திக் என்னும் மரச் சறுக்குவண்டி. அதில் என்னைக் கம்பளிக்குள் சுருட்டி, கயிற்றால் கட்டாத குறையாக உட்காரவைத்தார். பனிமலை இந்த ஊர்ப் பள்ளிக்கூடக் கட்டடத்தைப் போல மூன்று மடங்கு. கடலில் வெட்டுவது உப்புக் கரிக்காதா என்று கேட்டேன். ஒரு துண்டை உடைத்து என் வாயில் திணித்தார். உப்பு இல்லை. முத்தாபுதுப்பேட்டை ஆழ்குழாய்த் தண்ணீரைவிட இனிப்பு. மலையருகே போகாதே, உதிர்ந்து கிடப்பதை மட்டும் உடை என்று சைகை காட்டி, கடப்பாறை போன்ற ஒன்றைக் கையில் கொடுத்தார். பிறகு தூரத்தில் பனிமேல் வெயில் காய்ந்த சீல் என்னும் கடல்விலங்கைக் காட்டி, "கொஞ்ச நேரம்," என்று சொல்லிவிட்டு வண்டியோடு போய்விட்டார்.

அவருடைய கொஞ்ச நேரம் இரண்டு மணி நாற்பது நிமிடம். முதல் அரைமணி நான் வண்டி புள்ளியாகி மறைந்த திசையையே பார்த்து நின்றேன். கால் விரல்கள் பத்தையும் பூட்ஸுக்குள் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன்; ஒன்பதுதான் பதில் சொன்னது. ஒரு விரல் போனால் டிக்கெட் நிச்சயம். நின்றால்தான் உறைவேன் என்று கடப்பாறையை எடுத்தேன். குடத்தளவு ஒரு கட்டி. இன்னொன்று. ஏழாவதில் வேர்த்தது. பன்னிரண்டாவதில் பத்தாவது விரல் வலிக்கத் தொடங்கியது. வலித்தால் உயிரோடு இருக்கிறது. பௌலூசி சீல் இல்லாமல் திரும்பியபோது இருபத்திரண்டு கட்டிகள் வரிசையில் நின்றன. அவர் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஃபிளாஸ்கைத் திறந்து முதல் டீயை எனக்கு ஊற்றினார்.

ஊருக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தது. முதல் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இரண்டு கட்டிகளை இறக்கினார். அடுத்த வீட்டில் மூன்று. கண் தெரியாத ஒரு கிழவி வீட்டில் ஐந்து. இருபத்திரண்டு பதினேழாகி, பன்னிரண்டாகி, நான்காவது வீட்டில் ஆறாகியது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவர்களுக்கும் லாரி வருகிறதே," என்றேன்.

"லாரித் தண்ணீரில் டீ நன்றாக இருக்காது," என்றார். "நீ வெட்டினாய் என்று சொல்லிக் கொடுக்கிறேன். கேட்கவில்லையா?"

அவர் மொழியில் சொன்னது எனக்கு எப்படித் தெரியும்? நான்கு வீடுகளிலும் ஜன்னலில் முகங்கள் தெரிந்தது மட்டும் தெரிந்தது. அவர் வீட்டுக்கு நான்கு போக, எங்கள் வீட்டுக்கு மிஞ்சியது இரண்டு.

மகள் வாசலில் நின்றிருந்தாள். என் பூட்ஸைக் கழற்றி, காலுறையை உருவி, விரல்களை அழுத்திப் பார்த்தாள், நர்ஸாக. பத்து. பிறகு கட்டியை உடைத்துப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்தாள்.

"கண் தெரியாத பாட்டி கிளினிக்குக்குப் போன் பண்ணினாங்க. உங்க அப்பா அடுத்தது எப்ப வருவார்னு கேட்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"அடுத்த வாரம்னு சொன்னேன்."

அந்த வாரத் தபால் விமானத்தில் மகனின் கடிதம் வந்தது. எங்கள் தெருவில் தண்ணீருக்குப் புதுக் கட்டுப்பாடு: தலைக்கு ஒரு குடம். வீட்டில் நான்கு பேர், ஆனால் என் பெயரையும் சேர்த்து ஐந்து குடம் வரிசையில் நிற்கிறது. வெளிநாட்டில் இருக்கிறவருக்கு எதற்குக் குடம் என்று சிலர் கேட்கிறார்களாம். "பெர்சு வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவே, அது பாட்டுக்கு கீட்டும்" என்று கன்னியம்மாதான் சண்டை போட்டு அதை வரிசையில் வைத்திருக்கிறாளாம். எடுத்துவிடட்டுமா என்று மகன் கேட்டிருந்தான்.

பதினான்கு மாதம் இங்கே இருக்கப் போகிறேன் என்று முதலில் எழுதினேன். பிறகு, பௌலூசியின் வண்டிச் சத்தம் கேட்டதால், பூட்ஸை மாட்டிக்கொண்டே அடுத்த வரியை எழுதி உறையை ஒட்டினேன்: என் குடத்தை வரிசையிலிருந்து எடுக்காதே, முன்னால் நகரும்போது அதையும் நகர்த்து.