பல்லடம் கல்யாணத்தில் சகலைக்குக் கட்டிய வெள்ளைத் துணி

போன ஆவணி வளர்பிறையில் என் மச்சினன் பழனிசாமியின் மகளுக்குப் பல்லடம் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மச்சினன் என்றால் என் மனைவி சரசாவின் தம்பி. மடத்துக்குளத்திலிருந்து நானும் சரசாவும் பஸ்ஸில் போய்விட்டு அன்றைக்கே திரும்பினோம். சர்க்கரை, உப்பு என்று உடம்பில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதைச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனைப் பிடித்துக்கொண்டு பேசினால் அது எழுதிக்கொள்கிறது. பக்கத்து வீட்டு வாத்தியார் பிழை பார்த்து நெட்டில் ஏற்றிவிடுகிறார். ஆனால் ஞாபகம் முழுக்க என்னுடையது. யார் கல்யாணத்தில் எந்தப் பந்தியில் என்ன போட்டார்கள் என்று கேட்டால் இப்போதும் சொல்வேன்.

காலை ஆறே காலுக்கு மடத்துக்குளத்தில் டவுன் பஸ் ஏறினோம். உடுமலை பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் சரசா ஜன்னல் ஓரம் மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பதினைந்து ரூபாய். “அவளும் நானும் ஒரே ஊட்டுக்குத்தானுங்க போறோம்” என்றேன். “ஏனுங்க சாமி, சம்சாரத்து மேலயே பொறாமையா?” என்றார் கண்டக்டர். பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள்.

உடுமலையில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிடுவது நல்லது. கல்யாண மண்டபத்தில் எப்போது இலை போடுவார்கள் என்பது யாருக்கும் தெரியாது, மாத்திரை போட்டவன் வயிறு காத்திருக்காது. மாத்திரை என்று சொல்லிவிட்டேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நான்கு வருடமாகச் சர்க்கரை. டாக்டருக்கும் சரசாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன்.

காரணம் உண்டு. பழனிசாமி வீட்டுக்கு நான் மூத்த மாப்பிள்ளை. மாமனார் காலத்திலிருந்து அந்த வீட்டு விசேஷம் எதுவானாலும் முதல் பந்தியில் முதல் இலை எனக்கு. வீட்டுக்காரர் பந்தி விசாரிக்க வந்தால் என் இலையில்தான் தொடங்குவார். “பெரிய மாப்பிள்ளை சாப்பிடறதைப் பாத்தாப் பாக்கறவங்களுக்கும் பசி எடுக்குமுங்க” என்று மாமனார் எல்லோரிடமும் சொல்வார். ஏழெட்டு லட்டு சாப்பிடுகிறவன் என்று பேர் எடுத்தவன் போய், எனக்கு இனிப்பு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

உடுமலையிலிருந்து பல்லடத்துக்குத் தனியார் பஸ். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, குடிமங்கலம் வழி, ஒன்றேகால் மணி நேரம். இடது பக்கம் உட்காருங்கள், காலை வெயில் மறுபக்கம் அடிக்கும். வழியெல்லாம் காற்றாலை. பல்லடம் நெருங்கினால் முன்னால் கோழி லாரி போகும், வாசம் தாங்காதவர்கள் கர்ச்சீப் எடுத்துப் போங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபம் நாலு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்று இருபது கேட்டார், நூறுக்கு வந்தார்.

மண்டப வாசலில் சந்தனம், கற்கண்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு இருந்தது. அதில் விரல் அகலத்துக்கு நறுக்கிய பனியன் துணி, கலர் கலராக. திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் வெட்டிக் கழித்த துணிதான். பழனிசாமி, வருகிறவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே போன் போட்டு யாருக்கு என்ன ஆகாது என்று கேட்டு வைத்திருக்கிறான். சர்க்கரைக்காரர் மணிக்கட்டில் பச்சைத் துணி. வெங்காயம், பூண்டு தொடாத வடநாட்டு வியாபாரிகளுக்கு மஞ்சள். உப்பே கூடாதவர்களுக்கு வெள்ளை. பரிமாறுகிறவர்கள் கையைப் பார்த்தே இலையில் போடுவார்கள், யாரும் தன் நோயைப் பந்தியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு. வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன், ஆனால் நல்ல ஏற்பாடு.

என் கையில் சந்தனம் மட்டும் வைத்தார்கள்.

நான் படி ஏறும்போதே பின்னால் கார் வந்து நின்றது. சகலை நாச்சிமுத்து. சரசாவின் தங்கையைக் கட்டியவர், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர், என்னைவிட ஆறு வயது சின்னவர். இரண்டு வருடமாக அவருக்குக் கிட்னி சரியில்லை, வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொள்கிறார். மணமேடை வேலையை விட்டுவிட்டுப் பழனிசாமியே வாசலுக்கு ஓடி வந்தான். தன் கையாலேயே வெள்ளைத் துணியைக் கட்டினான். அந்தத் தட்டில் வெள்ளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

“உங்களுக்குன்னு தனியா அடுப்பு வெச்சிருக்குதுங்க, காயெல்லாம் உப்புச் சத்து போக ரெண்டு தண்ணியில வேக வெச்சு வடிச்சு. நீங்க எதுக்கும் யோசிக்க வேண்டாம்” என்றான்.

தனி அடுப்பு. என் கல்யாணத்துக்குக்கூட மாமனார் எனக்குத் தனி அடுப்பு வைக்கவில்லை.

முகூர்த்தம் முடிந்து பந்தி போட்டார்கள். முதல் வரிசையில் முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன், பக்கத்தில் சரசா. லட்டு வந்தது, கேசரி வந்தது, சேமியாப் பாயாசம் வந்தது. பழனிசாமி மட்டும் வரவில்லை. சுவர் ஓரமாகப் போட்டிருந்த ஒரு தனி மேசைக்குப் பக்கத்தில் நின்று, சகலையின் இலையில் விழுகிற ஒவ்வொரு கரண்டியையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உன் தம்பி ஊரெல்லாம் போன் போட்டுக் கேட்டிருக்கறான். எனக்கு ஒரு போன் போடத் தெரியல பாரு” என்றேன் சரசாவிடம்.

“போட்டானே. நான்தான் அவருக்கு ஒன்னுமில்ல சாமின்னு சொன்னேன்.”

“அப்படி எதுக்குச் சொன்ன?”

“ஏனுங்க, ஆருகிட்டயும் மூச்சு உடக்கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்குனது ஆருங்க? இப்ப அவன் வரலீன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சா நான் என்ன பண்றது?”

பந்தியை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த சமையல்காரர் குனிந்து என் இலையைப் பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். “என்ன ஐயா, ஒண்ணையும் தொடாம இருக்கிய. பிடிக்கலியா?”

தனி மேசை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். “எனக்குச் சக்கரை இருக்குதுங்க. நாலு வருசமா.”

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தேன். சரசாவுக்கு அடுத்த நாற்காலிக்காரர் பொரியலை மென்றபடி, “அட, சக்கரைதானுங்களா. நீங்க சொன்ன தோரணைக்கு நானும் வேற என்னமோன்னு பயந்துட்டேன். எனக்கு இது பதினாலாவது வருசமுங்க” என்று கையைத் தூக்கிக் காட்டினார். பச்சை. அவருக்கு அப்புறம் பச்சை. எதிர் வரிசையில் பச்சை, பச்சை, ஒரு மஞ்சள், பச்சை. அந்த ஒற்றை வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்ததில் இத்தனை பச்சை என் கண்ணில் படவே இல்லை. நான்கு வருடம் பூட்டி வைத்த ரகசியம் சந்தையில் கத்தரிக்காய் விலைக்குக்கூடப் போகவில்லை.

பழனிசாமி வந்தான். “மச்சான், அக்கா ஒன்னுமில்லீன்னு சொல்லுச்சுங்களே” என்றபடி அவனே பச்சைத் துணியைக் கட்டிவிட்டான். “எந்திரிங்க. இன்னும் நீங்க கை வைக்கலையல்ல. சின்ன மச்சான் அங்க ஒத்தையில உக்காந்திருக்கறாரு, அவரு பக்கத்துலயே போட்டர்றோம்.”

ஆசைப்பட்ட மேசை. போய் உட்கார்ந்தபிறகுதான் சகலையின் இலையைக் கிட்டத்தில் பார்த்தேன். சோறு, நிறம் போன கோவைக்காய், சாறில்லாத முட்டைக்கோஸ். ஊறுகாய் இல்லை, ரசம் இல்லை. டாக்டர் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கால் டம்ளர், அதையும் அவர் தொடாமல் கடைசிக்கு வைத்திருந்தார். எனக்கு வரகுச் சோறும், கொள்ளு ரசமும், பயறுச் சுண்டலும் வந்தன.

“வாங்கண்ணா. உங்களுக்கு என்னங்க?”

“சக்கரைங்க.”

“நல்லதுங்க. ரசம் குடிக்கலாம், தண்ணி குடிக்கலாம்.” என் டம்ளரைப் பார்த்தபடியேதான் சொன்னார். முதல் முறையாக நாச்சிமுத்து என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. மனதுக்குள் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ரசத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

“எப்படீங்கண்ணா ரசம்?”

ஆளைப் பார்த்தேன். கழுத்து இளைத்து, சட்டைக் காலர் தனியாக நின்றது. “புளிப்புத் தூக்கலுங்க. வாயில வைக்க முடியல” என்றேன்.

“அப்புறம் எதுக்குங்க மூணாவது டம்ளரு?” என்று கேட்டுவிட்டு, இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

நான் எழுந்து வந்த முதல் இலையில் அதற்குள் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பழனிசாமி அவரிடம் கைகட்டி நின்று விசாரித்துக்கொண்டிருந்தான். எனக்கு உள்ளே மறுபடி புகைந்தது. சகலை கவனித்துவிட்டார்.

“பாக்காதீங்கண்ணா. அந்த எடத்துல நீங்க உக்காந்திருக்க, ரெண்டாவது எலையில இருந்துட்டு நான் முப்பது வருசமாப் பாத்தாச்சு. பாத்தா ஒன்னும் கெடைக்காதுங்க.”

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். திருப்பூர்ப் பக்கம் இப்போது நிறைய வீடுகளில் முன்கூட்டிக் கேட்கிறார்கள். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நாலு நாள் முன்னதாக நீங்களே சொல்லுங்கள், பந்தியில் உட்கார்ந்தபின் சொன்னால் சமையல்காரருக்குக் கஷ்டம். கிட்னிக்காரர்கள் காயை எப்படி வேக வைக்க வேண்டும் என்பதை டாக்டரிடம் கேட்டு, சமையல்காரரிடம் நேரடியாகப் பேசிவிடுங்கள். ஒரே சமையலில் எல்லோருக்கும் பத்தியம் பார்க்க முடியாது. திரும்பி வர மூன்று மணிக்குள் பல்லடம் பஸ் பிடித்துவிடுங்கள், அதற்குமேல் உட்கார இடம் கிடைக்காது.

கல்யாணத்துக்கு அப்புறம் பழனிசாமி வாராவாரம் சகலைக்குப் போன் போட்டு, உடம்பு எப்படி, கால் வீக்கம் வடிந்ததா என்று கேட்கிறானாம். சரசாவின் தங்கை சொன்னாள். எனக்கு இதுவரை இரண்டு முறைதான் போட்டிருக்கிறான். சர்க்கரைக்கு அவ்வளவுதான் மரியாதை. ஆனால் அந்த இரண்டு முறையும் சரசா கையில் கொடுக்காமல் நானே எடுத்துப் பேசினேன்.