தாடிக்காரரின் ‘மளை’

ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபோது டேப் தேயத் தேயக் கேட்ட ஆல்பம் ஒன்று இன்று யூடியூபில் கிடைத்தது. பாடகர் தானே எழுதி, கிட்டாருடன் தானே பாடியது. கேசட் அட்டையில் தாடியும் அந்தக் கண்களும் இருக்கும்.

சத்தமாகவே வைத்தேன்.

கீரை கொடுக்க வந்த பக்கத்து வீட்டுச் செல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் கான்வென்ட்டில் படித்தவள்தான், ஆனாலும் ழகரத்தில் யாரையும் விடமாட்டேன். நேற்றுதான் அவளுடைய ‘வாயப்பயத்தை’த் திருத்தியிருந்தேன்.

"இன்னாம்மா, இவுரு மளைன்னுதானே பாடுறாரு? என்னிய மட்டும் புடிச்சிக்கினீங்க?"

மறுபடி போட்டேன். பாட்டு முழுக்க மளைதான் பெய்கிறது.

செல்வி போனில் அட்டைப் படத்தைப் பார்த்தாள். "ஆளு ஷோக்கா கீறாரு. அதான் வுட்டுட்டீங்க."

என் கணவர் இருந்தபோது, "அவனுக்கு ழ வரலை" என்பார். "உங்களுக்குப் பொறாமை" என்பேன். நாங்கள் இருவரும் சொன்னது சரிதான் போலிருக்கிறது.

அவள் போனதும் கண்ணை மூடிக் கேட்டேன். மளை. படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். சுத்தமான மழை.

இணைப்பைக் கீழே கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு எது கேட்கிறது? பெண்கள் மட்டும் பதில் சொன்னால் போதும்.