தண்ணீருக்குள் நின்ற தடிகள்

பாதுகாப்பான இடம் என்று இனி எவராவது என் முன்னால் சொல்லட்டும், பார்க்கிறேன். அந்த வார்த்தையைத் தொண்டைமானாற்று நீரேரியைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளே நான்தான். பெரிய பட்டத்தின் இழுப்பில் பலகைமேல் நின்று தண்ணீரில் வழுக்கிப் போகும் விளையாட்டை அங்கே பழக்குகிறோம். இடுப்பளவு தண்ணீர், அலை கிடையாது, சோளகக் காற்று சீராக வீசும். புதிதாகப் பழகுகிறவர் விழுந்தாலும் எழும்பி நிற்கலாம்.

ஒரே தொல்லை, இறால் வலை கட்ட நட்ட தடிகள். வலையைக் கழற்றினாலும் தடியை யாரும் பிடுங்கமாட்டார்கள். தடி நிற்கும்வரை இடம் நட்டவனுடையது. பிடுங்கினால் வேறொருவன் வந்து நட்டுவிடுவான். என் அண்ணனுக்கும் அங்கே ஒரு வரிசை இருந்தது.

"தடியளை எடுங்கோ அண்ணை, பழகிற ஆக்கள் விழுந்து அடிபடப் போகினம்" என்று ஒரு மாதம் கெஞ்சினேன். ஒருநாள் காலையில் போனால் ஒரு தடிகூடக் கண்ணில் படவில்லை. எனக்குப் பெரிய சந்தோஷம்.

அடுத்த கிழமை, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பெண் முதல் தடவையாகப் பலகையில் நிமிர்ந்து நின்றாள். சிரித்தபடியே விழுந்தாள். எழும்பவில்லை. ஓடிப்போய்த் தூக்கினேன். தொடை நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்து அந்த இடத்தைக் கையால் தடவினேன். அண்ணன் தடிகளைப் பிடுங்கவே இல்லை. தண்ணீருக்கு ஒரு சாண் கீழே மரம் அறுக்கும் வாளால் அரிந்து விட்டிருந்தார். எனக்கும் நல்லவராகிவிட்டார், இடமும் கைவிட்டுப் போகாது. என்ன மூளை!

வீட்டுக்குப் போய் வாயில் வந்தபடி ஏசினேன்.

"ஒரு பிள்ளையின்ரை காலைக் கிழிச்சுப்போட்டு இருந்து தேத்தண்ணி குடிக்கிறியள். வெக்கமாயில்லையே?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நீ ஒவ்வொரு நாளும் அதுக்குள்ளைதானே நடக்கிறனி. ஒருக்காலும் உன்ரை காலிலை தட்டுப்படேல்லையே?"

தட்டுப்பட்டது. தடிகள் மறைந்த அன்றைக்கே தட்டுப்பட்டது. இந்தத் தண்ணீரில் வளர்ந்த கால், தானாகவே விலகி நடந்தது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் விலகித்தான் நடந்தேன். ஒருவருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

அரிந்ததற்காக அண்ணனை ஒருவேளை மன்னித்துவிடுவேன். அப்படிக் கேட்டதற்காகத்தான் இன்றுவரை அவரோடு கதைப்பதில்லை.