‘நான்’ என்று மொழிபெயர்த்தவர்

பள்ளியில் காலைப் பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புகளுக்குக் கலைந்துகொண்டிருந்தபோது பூங்கொடியின் அழைப்பு வந்தது. தணிகாசலம் சாரின் ஒரே மகள். அந்த நேரத்தில் அவள் அழைப்பதில்லை. எடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“மேடம், அப்பா தவறிட்டாங்க. டயாலிசிஸுக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தாங்க. ஆட்டோ வாசல்ல வந்து நிக்குது. செருப்பு மாட்ட உக்காந்தாங்க, அப்படியே சாஞ்சுட்டாங்க.” பிறகு, “ஆட்டோக்காரரு இன்னும் ஹார்ன் அடிச்சிட்டே இருக்காரு மேடம். அவர்கிட்ட யாரும் சொல்லல” என்றாள்.

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வந்து செங்கல்பட்டு வண்டியில் ஏறினேன். ஊரப்பாக்கத்தில் இறங்கும்வரை அவரைப் பற்றி எங்காவது எழுத வேண்டும் என்ற ஒரே நினைப்புதான் இருந்தது. நாளிதழில் ஒரு வரி வராது என்று எனக்குத் தெரியும். சீனப் பழங்கவிதைகளை ஆங்கிலத்தின் வழியாக அல்லாமல் நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்த மிகச் சிலரில் அவர் ஒருவர். அதைவிட, என் குடும்பத்துக்கு அவர் யார் என்பதை நான் சொல்லாவிட்டால் வேறு எவரும் சொல்லப்போவதில்லை.

சார் ஊரப்பாக்கத்துக்காரர். ஒருகாலத்தில் பயிர் செய்த குடும்பம். நிலமெல்லாம் மனைகளாகிப் போனது. தாம்பரத்தில் பட்டம் முடித்து, தில்லிக்குப் போய்ச் சீன மொழி படித்தார். ஏன் சீனம் என்று கேட்டதற்கு, “ஃபிரெஞ்சுக்கு சீட் இல்லன்னு சொல்லிட்டாங்க மேடம்” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைத்தேன். உண்மையே அதுதானாம். ஆனால் இரண்டாம் ஆண்டில் ஒரு பழங்கவிதையை வகுப்பில் வாசித்தபோது, தன் வாழ்க்கை இனி வேறு எங்கும் போகாது என்று தோன்றிவிட்டதாகச் சொன்னார். தில்லியில் பல வருடங்கள் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தார். பிறகு இந்தப் பக்கம் தொழிற்சாலைகள் வந்தபோது ஊர் திரும்பி, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். சீனத்திலிருந்து வந்த பொறியாளர்களுக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் நடுவில் நின்று பேசுவது வேலை.

அந்தத் தொழிற்சாலையில்தான் என் தம்பி பாஸ்கர் வேலை பார்த்தான். பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரம். ஒருநாள் பகல் ஷிப்டில் அச்சுக்குள் சிக்கிய பொருளை எடுக்கக் குனிந்தான். இயந்திரம் மூடிக்கொண்டது. அவனை எங்களிடம் கொடுத்தபோது முகத்தை மட்டும்தான் திறந்து காட்டினார்கள்.

காரியம் முடிந்து சில நாட்களில் எங்களைக் கூப்பிட்டனுப்பினார்கள். அம்மாவும் நானும் போனோம். குளிரூட்டிய அறை, நீண்ட மேஜை. எதிரில் இங்கத்திய மேலாளர், அவர் பக்கத்தில் நரைத்த தலையோடு லியூ என்ற சீனப் பொறியாளர், கொஞ்சம் தள்ளி, தேய்ந்த செக்டு சட்டை போட்ட ஒல்லியான ஒருவர். அவர்தான் தணிகாசலம் சார். அதற்கு முன்பு நாங்கள் அவரைப் பார்த்ததில்லை.

மேலாளர் பேசினார். பையன் மெஷினை நிறுத்தாமல் கை வைத்துவிட்டான், எல்லாருக்கும் வருத்தம்தான் என்றார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. லியூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தச் சீனாக்காரரு இன்னா சொல்றாரு? மெஷினு அவுங்க ஊரு மெஷினுதானே? எம்புள்ள இன்னா தப்பு பண்ணான், அவரையே சொல்லச் சொல்லு.”

சார் அதை மெல்லச் சீனத்தில் சொன்னார். லியூ தலை குனிந்து இருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். நெடுநேரம் பேசினார். பாதியில் குரல் உடைந்தது. அவர் முடிப்பதற்குள் மேலாளர் முந்திக்கொண்டார்: “ரொம்ப வருத்தம் தெரிவிக்கிறாரும்மா. அவ்வளவுதான்.”

சார் எழுந்து நின்றார். “அவர் சொன்னது அது இல்லம்மா” என்றார். “தணிகாசலம், உட்காருங்க” என்றார் மேலாளர். சார் உட்காரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார்:

“அந்த மெஷின்ல கதவு திறந்தா தானா நின்னுடற மாதிரி ஒரு அமைப்பு இருந்தது. உற்பத்தி குறையுதுன்னு அதை எடுக்கச் சொன்னாங்க. எடுக்கக்கூடாதுன்னு நான் சொன்னேன். கேக்கல. அப்புறம் நானே என் கையால கழட்டிக் கொடுத்தேன். உங்க பையன் மேல தப்பு இல்ல. அவன் என்னை மாமான்னு கூப்பிடுவான். நான் கழட்டாம இருந்திருக்கணும்.”

மொழிபெயர்ப்பாளர்களின் வழக்கம் அது. பேசுபவர் ‘நான்’ என்றால் இவரும் ‘நான்’ என்றுதான் சொல்வார். அம்மாவுக்கு அந்த வழக்கம் எப்படித் தெரியும்? மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் சாரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். “நீயாடா? நீயாடா கழட்டுனே?” என்று கன்னத்தில் அடித்தாள். மறுபடி அடித்தாள். சாரின் கண்ணாடி கீழே விழுந்தது. அவர் கையைக்கூட உயர்த்தவில்லை. ‘நான் இல்லை, அவர்’ என்று விரலை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. நான்தான் அம்மாவை இழுத்துப் பிடித்தேன். லியூ மேஜைமேல் முகம் கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தார்.

அந்த வாரமே லியூவை அவர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாரின் வேலை போனது. நாங்கள் வழக்குப் போட்டோம். சார் வந்து சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பொறியாளர் அப்படிப் பேசவே இல்லை, மொழிபெயர்ப்பாளர் தவறாகப் புரிந்துகொண்டார். பேசியவர் நாட்டில் இல்லை. அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர் சார் ஒருவர்தான். அவர் சொன்னதற்கு அவரே சாட்சியாக முடியாது என்றாகிவிட்டது. வழக்கு இழுத்து இழுத்து ஒன்றுமில்லாமல் போனது. ‘தப்பாக மொழிபெயர்த்தவர்’ என்ற பேர் மட்டும் அவர்மேல் நின்றது. அதன்பிறகு ஒரகடத்திலிருந்து மறைமலைநகர் வரை எந்தத் தொழிற்சாலையும் அவரை உள்ளே விடவில்லை.

கழற்றியது லியூ, சார் அவர் சொன்னதைச் சொன்னவர் மட்டும்தான் என்று புரிந்த பிறகு அம்மா அவரை வீட்டுக்கு அழைத்துவரச் சொன்னாள். சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, “எப்பா, நல்லது சொன்ன உன்னப் போய் அட்ச்சிட்டேனே” என்று அழுதாள். சார் இலையைப் பார்த்தபடி, “விடுங்கம்மா, எனக்கு வலிக்கல” என்றார். வலித்திருக்கும். காது வெகுநாள் அடைத்தே இருந்தது என்று அவர் மனைவி மல்லிகா அக்கா பின்னொரு சமயம் சொன்னார்.

‘அவர் சொல்கிறார்’ என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். யோசித்துத்தான் பதில் சொன்னார்: “அவ்வளவு பெரிய வார்த்தையை ‘அவர்’னு தள்ளி வெச்சுச் சொன்னா உங்க அம்மாவுக்குப் போய்ச் சேராது மேடம். யாராவது ஒருத்தர் எதிர்ல நின்னு ‘நான்’னு சொல்லணும். லியூ சொல்லிட்டார். ஆனா தமிழ்ல அதைச் சொல்ல ஒரு வாய் வேணுமில்ல?”

வேலை போன பின்புதான் அவர் கவிதைகளில் முழுதாக இறங்கினார். நான் தமிழாசிரியை என்பதால் திருத்திப் பார்க்கத் தருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரப்பாக்கம் வீட்டில் உட்கார்ந்து சண்டை போடுவோம். உண்மையிலேயே சண்டைதான். மல்லிகா அக்கா காப்பியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்.

‘பனி’ என்ற ஒரு சொல்லுக்காக ஒரு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறோம். மார்கழியில் தலைக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிறவர்களுக்குப் பனி என்றால் புல்நுனியில் நிற்கும் ஈரம். அவருடைய கவிதைகளில் அது ஆளையும் குதிரையையும் மூடிப் புதைக்கும். ‘உறைபனி’ என்றால் பாடப்புத்தகம் போலிருக்கிறது என்பார் அவர். வெறும் ‘பனி’ என்றால் நம்மவர்க்குச் சளி பிடிக்கும், அவ்வளவுதான் என்பேன் நான். அவர்கள் ஊர்ப் பூவுக்குப் பதிலாக நம் ஊர்ப் பூவைப் போட்டால் வாசகருக்கு எளிதாக இருக்குமே என்று பதிப்பாளர் கேட்டபோது மட்டும் அவருக்குக் கோபம் வந்தது. “எல்லாத்தையும் நம்ம வீடு மாதிரியே மாத்திட்டா அப்புறம் அந்த வீட்டுக்கு எதுக்கு சார் போகணும்?” என்றார்.

எல்லாவற்றிலும் பெரிய சண்டை ஒரு சிறு பாட்டுக்காக நடந்தது. எழுதியவர் பெயர் தெரியாது. போருக்குப் போனவருக்காக வீட்டில் யாரோ சட்டை தைக்கிறார்கள். ஒரு வரியின் சொற்களை அப்படியே எனக்காக எழுதிக் காட்டினார்: பழைய, சட்டைக்கை, அள, புதிய, வெட்டு. சீன வினைக்கு விகுதி கிடையாது. ஆணா பெண்ணா, நேற்றா இன்றா, எதுவும் அதில் இல்லை. தமிழில் வாயைத் திறந்து ‘அளந்தாள்’ என்றால் அதற்குள் ஒரு பெண்ணும் வந்துவிடுகிறாள், இறந்தகாலமும் வந்துவிடுகிறது.

“யார் அளக்கிறாங்க சார்? அம்மாவா, பெண்டாட்டியா?”

“தெரியாது மேடம்.”

“போனவர் உயிரோட இருக்காரா?”

“அது எழுதினவருக்கே தெரிஞ்சிருக்காது.”

நான் பிடிவாதமாக ‘அளந்தாள் அன்னை’ என்று திருத்தினேன். எங்கள் வீட்டில் அம்மா பாஸ்கரின் கம்பெனிச் சட்டையைத் துவைத்துத் துவைத்து மடித்து வைத்துக்கொண்டிருந்த காலம் அது. சாருக்கு அது தெரியும். பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: “உங்க அம்மா அந்தப் பாட்டுக்குள்ள தானா வரட்டும் மேடம். நாம கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சா வேற யாருக்கும் அங்க இடம் இருக்காது.”

கடைசியில் வினைமுற்றே இல்லாமல், எச்சத்திலேயே விட்டார்:

பழைய சட்டையின் கைநீளம் அளந்து
புதுத் துணியில் ஒரு விரல் கூட்டி வெட்டி

மாணவன் எழுதியிருந்தால் நான் சிவப்பு மை வைத்திருப்பேன். அதை வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது, “அப்பால?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பாட்டை அவருக்குச் சொல்லியனுப்பியது லியூதான். ஊர் திரும்பி நெடுங்காலம் கழித்து அவர் சாரைத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். அதிலிருந்து இருவரும் கவிதை பேசிக்கொண்டார்கள். புரியாத இடங்களை லியூ வாசித்து விளக்குவார். அந்த அறையைப் பற்றியோ வழக்கைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. “அவர் ஒரு வாக்குமூலம் அனுப்பியிருந்தா போதும், நீங்க பொய்யர் ஆகியிருக்க மாட்டீங்க. அவர்கிட்ட போய்க் கவிதை பேசறீங்களே” என்று கத்தியிருக்கிறேன். “அவருக்கும் அங்க வீடு வாசல் இருக்கு மேடம். ஒருவாட்டி சொன்னாரு. அதுவே பெருசு” என்பார். என்னால் அப்படி நினைக்க முடிந்ததில்லை. இன்றும் முடியவில்லை.

புத்தகம் வந்தது. தாம்பரத்தில் ஒரு சிறிய அரங்கில் வெளியிட்டோம். பாதி நாற்காலிகள் காலி. பேச வந்தவர், யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதே பல இடங்களில் விளங்கவில்லை, மொழிபெயர்ப்பாளர் இன்னும் தெளிவாகச் செய்திருக்கலாம் என்றார். சார் சிரித்துக்கொண்டே பொன்னாடையை வாங்கிக்கொண்டார். காட்டாங்குளத்தூரில் கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்குச் சீனம் சொல்லிக்கொடுத்து வந்தார். சீன எல்லையில் படைகள் முறைத்துக்கொண்டு நிற்கின்றன என்று செய்தி வந்ததும் அந்த வகுப்பு நின்றது. கொரோனா வந்தபோது அவர் தெருவிலேயே சிலர், “சீனாக்காரர் வராரு, தள்ளி நில்லுங்க” என்றார்கள். கேலிதான். ஆனால் அவர் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். பின்பு சிறுநீரகம் கெட்டது. கடைசியாக நான் பார்த்தபோது டயாலிசிஸ் கட்டிலில் ஊசி குத்தாத கையால் தலையணையில் ஏதோ எழுத்தை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார். என்ன சார் என்றேன். “தமிழ்ல வர மாட்டேங்குது” என்றார். சோர்ந்துபோயிருந்தார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

சுடுகாட்டுக்கு வந்தவர்கள் மிகச் சிலர். மல்லிகா அக்காவும் பெண்கள் நாங்களும் கூடவே போனோம். உள்ளே எடுத்துச் செல்லும் முன்பு பூங்கொடியின் கைபேசி அடித்தது. காலையில் அவள் செய்தி அனுப்பியிருந்தாளாம். திரையில் லியூ. முழுவதும் நரைத்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஒரு கட்டிலில் சாய்ந்திருந்தார். பூங்கொடி கைபேசியைத் தன் அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

லியூ பேச ஆரம்பித்தார். மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடி பேசினார். பாட்டா, பேச்சா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. உறவுக்காரர் ஒருவர், “ஆப் போட்டா தமிழ்ல வரும்மா” என்றார். “வேணாம் மாமா, அப்பாகிட்டதானே பேசறாரு” என்றாள் பூங்கொடி.

அந்தப் பேச்சின் நடுவே ‘பாஸ்கர்’ என்ற பெயர் கேட்டது. சற்று நேரம் கழித்து இன்னொரு முறை. அவர் வாயில் அது வேறு மாதிரி உடைந்து வந்தாலும் என் தம்பியின் பெயர் எனக்குத் தெரியாதா? நான் ஓர் அடி முன்னால் போனேன். எத்தனையோ வருடங்களாக நான் கேட்கக் காத்திருந்ததை அவர் அப்போது சொல்லியிருக்கலாம். வெறும் பிரார்த்தனையாகவும் இருந்திருக்கலாம். என்ன என்று கேட்க, பழக்கத்தில் நான் சார் பக்கம்தான் திரும்பினேன்.

மாலைக்கு மேலே அவர் முகம் மட்டும் தெரிந்தது. கண்ணாடியை ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தார்கள்.

போய் வாருங்கள் சார்.