சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்

"ஊசி குத்தி ரத்தம் எடுக்கறதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ படிப்பு?" என்றார் மாமா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எம்.எஸ்சி. முடித்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்த கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. ஆனாலும் அப்போது என் கண் அத்தையின் கையிலிருந்த டம்ளர் மேல் இருந்தது. விளிம்பில் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு. வேறு யாரும் அதை எடுத்துவிடக் கூடாதென்று மாமா வைத்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவளும் மாமாவும் இட்லிக் கடை வைத்திருந்தார்கள். பெயர் வாங்கியது அத்தையின் சட்னி. திடீரென்று அவளுக்கு வாயிலும் முதுகிலும் கொப்புளங்கள் கிளம்பின. மாத்திரையில் புண்கள் ஆறிய பிறகும் மாமா அவளைக் கடைக்குள் விடவில்லை. "உங்க வீட்டு ரத்தம் அப்டி. எங்க பக்கத்துல எவனுக்காச்சும் வந்துகீதா?" இது தொற்றாது என்று டாக்டர் சொன்னதும் நான் சொன்னதும் எடுபடவில்லை. சட்னியை மாமாவே அரைத்தார். சாப்பிட வந்தவர்கள் மிளகாய்ப்பொடி கேட்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஆய்வே அந்த நோயைப் பற்றியதுதான். யார் வீட்டு ஆள், யார் வெளியாள் என்று உடம்பின் காவலுக்கு அடையாளம் காட்டும் மரபணுக்கள் உண்டு. அவற்றில் சில வகைகள் இருப்பவர்களுக்குக் காவல் குழம்பி, சொந்தத் தோலை ஒட்டிப் பிடித்திருக்கும் பசையையே தாக்கும் வாய்ப்பு அதிகம். ஒப்பிட்டுப் பார்க்க, நோயும் ரத்த உறவும் இல்லாதவர்களின் ரத்தமும் தேவைப்பட்டது. அதைக் கேள்விப்பட்ட மாமா, அத்தையைப் பரிசோதனைக்குக் கூட்டி வந்த அன்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"எடு. சுத்தமான ரத்தம்னா இன்னான்னு உங்க டாக்டருக்குத் தெரியட்டும்."

"உங்களுக்கும் அத்தைக்கும் ரத்த உறவு உண்டா?" எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

"சத்தியமா கெடயாது."

"அத்தையோட அம்மா உங்களுக்கு யாரு மாமா?"

"எங்க அக்கா" என்றவர், மடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா மகளைக் கட்டிக்கொண்டவர் அவர். தாலி கட்டிய மறுநாளே அக்கா வீடு பெண் வீடாகிவிட்டது. மாப்பிள்ளை முறுக்கில் சொந்த ரத்தம் மறந்துபோயிருந்தது. அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், சிரிப்பில் தோள் குலுங்கியது. உறவினர் வரிசையில்தான் எடுக்க முடியும் என்றேன். வந்தது வந்தாச்சு என்று கையை நீட்டினார்.

அத்தையிடம் இருந்த அதே மரபணு வகை மாமாவிடமும் இருந்தது. நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது கழுத்து, முதுகு, வாய் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார்.

"அப்ப எனக்கும் வருமா?"

"இருக்கறதாலயே வராது மாமா. நெறய பேருக்கு இது இருக்கும், வர்றது கொஞ்சப் பேருக்குத்தான். தொட்டா யாருக்கும் வராது."

அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அத்தை உள்ளே போய் நகப்பாலிஷ் புட்டியோடு வந்தாள்.

"உன் டம்ளர எடு மாமா. பொட்டு வெக்கணும்."

மறுநாள் சட்னியை அத்தை அரைத்தாள்.

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். அத்தையின் அந்த டம்ளரில்தான் மாமா எனக்கு டீ கொடுத்தார். பொட்டு பாதி உரிந்திருந்தது. "அதான் ரத்தம் எடுத்தாச்சே, இன்னும் இன்னாத்த படிக்கப் போற?" என்றார். "அத்தைக்கு வந்தது உங்களுக்கு ஏன் வரலைன்னு" என்றேன்.

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டேன். நானும் அதே வீட்டு ரத்தம்தானே. முதல் குழாயில் என்னுடையதை எடுத்து வைத்தாயிற்று.