பதினொரு தடவை

என் மனைவி யோகலட்சுமி என்ன வேலை பார்க்கிறாள் என்பதைச் செக்காலையில் ஒருவருக்கும் என்னால் விளங்க வைக்க முடிந்ததில்லை. டியூஷன் எடுக்கிறாள் என்றுதான் தெருவில் பேச்சு. அதுவும் தப்பில்லை, மாணவர்கள் மட்டும் ஐம்பது வயதுக்காரர்கள். கம்பெனியில் ஒரு மேனேஜரை வைஸ் பிரெசிடென்ட் நாற்காலியில் உட்கார வைப்பதாக இருந்தால், ஆறு மாதம் முன்பே இவளிடம் ஒப்படைத்துவிடுவார்கள். எல்லாம் லேப்டாப்பில்தான். கோயம்புத்தூர் மில் ஒன்றில் ஆள் நிர்வாகம் பார்த்து இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவள் அவள். நான் இங்கே தாலுகா ஆபீஸில் குப்பை கொட்டியவன். நான் ஓய்வு பெற்ற பிறகுதான் ஒரே வீட்டில் இருக்கிறோம். அதிலும் பாதி நாள் அவள் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாள்.

கதவைச் சாத்தினாலும் குரல் கீழே வரும்; ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதால் எதிராளியின் குரலும் வரும். அவள் பேசும்போது நான் வெளியே போய்விட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். வெயிலுக்குப் பயந்து நான் போவதில்லை.

மேலே ஏறப் போகிறவரோடு பேசுவதைவிட, அவரைச் சுற்றியிருக்கும் எட்டுப் பேரோடு பேசுவதுதான் அவளுக்குப் பெரிய பாடு. மேலதிகாரி, கூட இருப்பவர்கள், கீழே இருப்பவர்கள் என்று ஒவ்வொருவரையும் போனில் பிடித்து, "இவர் எதை மாத்திக்கணும்?" என்று கேட்பாள். எடுத்தவுடனே ஒரு வாக்கியம் சொல்வாள்: "நீங்க சொல்றது உங்க பேரோட போகாது. யாரு சொன்னாகன்னு அவருக்குத் தெரியவே தெரியாது." எனக்கே மனப்பாடம். பிறகு பேர், ஊர், தேதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எட்டுப் பேர் சொன்னதையும் ஒரே மாவாக அரைத்து அறிக்கை எழுதுவாள். எட்டுப் பேரின் வயிற்றெரிச்சலும் இவள் வயிற்றில். சாப்பிட உட்கார்ந்தால் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவாள்.

போன வருஷம் ரவிக்குமார் என்று ஒருவர் வந்தார். ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்குத் தலைவர், அடுத்து கம்பெனிக்கே மூன்றாவது ஆளாகப் போக வேண்டியவர். கெட்டிக்காரர். பதினாறு மணி நேரம் உழைப்பார். மற்றவர்களுக்கும் அதே போல வீடு வாசல் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிக் கேட்க வேண்டிய எட்டுப் பேரில் ஒருத்தி நாகஜோதி. தரம் பார்க்கும் பிரிவில் வேலை. அரை மணி நேரம் "நல்ல சார் மேடம்" என்பதைத் தாண்டவில்லை. பேச்சின் இழுப்பைக் கேட்டுவிட்டு இவள், "நீ எந்த ஊரும்மா?" என்றாள்.

"கோட்டையூரு மேடம். நீங்க?"

"செக்காலைதான். பஸ் ஏறினா பத்து நிமிஷம்."

அதோடு அந்தப் பெண் அழுதுவிட்டாள். மகனுக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருக்கிறாள். திரும்பி வந்த ஏதோ ஒரு லோடுக்காக ரவிக்குமார் விடாமல் போன் செய்திருக்கிறார்.

"பதினொரு தடவை மேடம். பதினொரு தடவையும் எடுத்தேன். ஒரு தடவை கூட பிள்ளை எப்படி இருக்குன்னு கேக்கலை. நம்ம ஊர்க்காரகன்னு சொல்லிட்டேன், வெளிய போயிறக் கூடாது. இந்தச் சம்பளத்துலதான் அவனுக்கு மருந்து வாங்குறேன்."

"போகாது தாயி," என்றாள் இவள்.

அந்த வாரத்தில் அது நாலாவது அறிக்கை. 'குடும்ப அவசரங்களின்போதும் வேலை தொடர்பான அழைப்புகள் வருகின்றன' என்று முதலில் எழுதினாள். உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்ததாம். அந்த மனுஷனுக்கு உறைக்க வேண்டாமா என்று 'பதினொரு தடவை' என்பதைச் சேர்த்துவிட்டாள். பேர் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, வெறும் எண்தானே என்று நினைத்தாள். அசதியில் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

ரவிக்குமாரோ எண்களிலேயே வாழ்கிறவர். அறிக்கையைப் படித்தவர், 'பதினொரு தடவை' என்பதை மட்டும் வாய்விட்டு இன்னொரு முறை படித்தார். பிறகு, "மேடம், இது நாகஜோதிதானே?" என்றார்.

"யாருன்னு நான் ஆமான்னும் சொல்றதில்லை, இல்லைன்னும் சொல்றதில்லை சார்," என்றாள். எல்லாருக்கும் கொடுக்கிற வீட்டுப்பாடத்தை அவருக்கும் கொடுத்தாள்: கூட வேலை செய்கிறவர்களிடம் வாரம் ஒரு தடவையாவது வீட்டைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

அன்று கீழே வந்து, முதல் தடவையாகத் தொழில் விஷயத்தை என்னிடம் சொன்னாள். "அவரு கண்டுபிடிச்சுட்டாருன்னு நாகஜோதிக்குச் சொல்லிறவா? பயந்துருவாளோ?" என்று கேட்டாள். "ஒரு எண்ணுக்கு இம்புட்டு ரோசனையா? விடு," என்றேன். தாலுகா ஆபீஸில் விடு என்று சொல்லியே பழகிய வாய். இன்றுவரை அதற்காக வருந்துகிறேன்.

இரண்டு வாரம் கழித்து ரவிக்குமார் பேசினார். "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன் மேடம். நாகஜோதியைக் கூப்பிட்டு, பையன் எப்படி இருக்கான்னு கேட்டேன். மனசாரத்தான் கேட்டேன். மறுநாளே ராஜினாமா லெட்டரை வச்சுட்டாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலை சார். நான்தான் பண்ணினேன்," என்றாள்.

உடனே நாகஜோதிக்குப் போன் போட்டாள். மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்க வாய் வரவில்லை, அந்தக் கேள்விதான் கெட்டுப் போய்விட்டதே.

"ஆபரேஷன் ஆகி ஏழு மாசமா கேக்காதவரு கேட்டாரு மேடம். நீங்க சொல்லிட்டீகன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. அவரா அனுப்பிட்டா வேற எடத்துலயும் சேத்துக்க மாட்டாக, அதுக்குள்ள நானே போயிறலாம்னுதான்."

"அவர் நெசமாத்தான் கேட்டாரும்மா. தப்பு என்னுது. லெட்டரைத் திரும்ப வாங்கிக்க."

"இருக்கலாம் மேடம். ஆனா நீங்க சொன்னதை நம்பித்தானே இம்புட்டும். இதை மட்டும் எப்படி நம்புறது?" என்று வைத்துவிட்டாள்.

தப்பு தன்னுடையது என்று கம்பெனிக்கு எழுதினாள். பதில் வரவில்லை. ரவிக்குமார் மேலே போய்விட்டார். நாகஜோதி மகனோடு கோட்டையூருக்கே வந்துவிட்டதாகக் கேள்வி. பத்து நிமிஷ பஸ். இரண்டு தடவை இவள் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பி, ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்தாள்.

போன வாரம் புதிதாக எட்டுப் பேர் பட்டியல் வந்தது. இவள் முதல் ஆளைப் பிடித்தாள். நான் கீழே 'உங்க பேரோட போகாது' என்ற அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"சொன்னா உங்களுக்கு ஆபத்து வரும்னு தோணுற எதையும் எங்கிட்ட சொல்லாதீக," என்றாள்.

இரண்டே நிமிஷத்தில் போன் முடிந்துவிட்டது.